முதல் ஆய்வுக்கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன்

பிறர் எழுத்தோடு ஒத்த வரிகளைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டின் மென்பொருளின் அறிக்கையில் ஒப்புமை விழுக்காடு குறைந்தால் போதும், கட்டுரை நெறிப்படி சரி என்று நினைக்கும் மாணவர்கள் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்திலோ பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலோ படித்து, முதல் கட்டுரை எழுதப் போகிறீர்களா? வேலை அதற்கு வெகு முன்பே தொடங்குகிறது.

1. பெயர்களைப் பேசி முடியுங்கள். யார் யார் கட்டுரையாசிரியர், எந்த வரிசை என்பதை எழுத உட்காரும் முன்பே மின்னஞ்சலில் பதிந்து வையுங்கள். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்பு. நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். மற்றத் துறைக்காரர்களுக்கும் இது நல்ல அளவுகோல்.

நிபோங் திபால் பக்கம் தோட்டத்துப் பாட்டிகளிடம் தாலாட்டு சேகரிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒலிப்பதிவைக் கேட்டு எழுதித் தந்த தோழிக்கு நன்றியுரையில் இடம் உண்டு. எதுவும் செய்யாத துறைத்தலைவருக்கு அதுகூட வேண்டியதில்லை. 'பெயர் போடாவிட்டால் சார் என்ன நினைப்பாரோ' என்ற தயக்கம் இருந்தால், இந்த நான்கையும் அச்செடுத்து மேசையில் வைத்துப் பேசுங்கள், பேச்சு சுலபமாகிவிடும்.

2. பாட்டு, பெயர், படம் மூன்றையும் வெளியிடப் பாட்டிகளிடம் தனித்தனியாக அனுமதி கேளுங்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழு ஒப்புதல் தேவையென்றால் களத்துக்குப் போகும் முன்பே வாங்கிவிடுங்கள்.

3. மலாய்க் கட்டுரையின் பத்தியைத் தமிழாக்கி, மூலம் சொல்லாமல் போடுவதும் திருட்டுதான். மென்பொருளிடம் தப்பலாம், மதிப்பீட்டாளர் மலாய் படித்தவராயிற்றே! உங்கள் பழைய கட்டுரையிலிருந்து எடுத்தாலும் குறிப்பிடுங்கள்.

4. இதழைச் சோதியுங்கள். சில நாளில் ஏற்பு, உடனே பணம் என்றால் விலகுங்கள். கட்டணம் வாங்குவதே தவறில்லை. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்கள் பல வாங்குகின்றன. ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளமான ஸ்கோபஸின் சின்னத்தை யாரும் ஒட்டிக்கொள்ளலாம் என்பதால், ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலிலேயே இதழைத் தேடுங்கள். 1997இல் பிரிட்டனில் தொடங்கிய 'கோப்' என்ற வெளியீட்டு நெறிக்குழுவின் உறுப்பினர் பட்டியலையும் பாருங்கள்.

5. சரி, அனுப்பியாயிற்று. பதில் தாமதமானால் இன்னோர் இதழுக்கும் அனுப்பத் தோன்றும். அது கூடாது. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி, உறுதிப்படுத்தும் பதில் வந்த பிறகே அடுத்த இதழைத் தேடுங்கள்.