கரீபியன் க்ரூஸ்: சந்தேகப் பிராணிகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஆயிரக்கணக்கான பேரோடு ஒரே கப்பலில் அடைந்து கிடப்பது, எந்நேரமும் சாப்பாட்டு வரிசை, தீவில் நாலு மணி நேரம் முகத்தைக் காட்டிவிட்டு ஓடி வருவது. கரீபியன் க்ரூஸ் பற்றி என் அபிப்பிராயம் இவ்வளவுதான். வீட்டில் டிக்கெட் போட்டுவிட்டார்கள், மியாமியில் ஏறினேன். போய் வந்த பிறகும் அதில் பாதி மாறவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. டிக்கெட் என்பது உள்ளே நுழையும் கட்டணம் மட்டும்தான், கப்பல் காசு பார்ப்பது நாம் ஏறிய பிறகு. இதை மனதில் வைத்துத் திட்டம் போட்டால் என்னைப் போன்ற ஆளும் ஒரு வாரம் நிம்மதியாக இருக்கலாம். முதல்முறை போகிறவர்களுக்காக, செய்யவேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கப்பலைப் பார்க்காதீர்கள், வழியைப் பாருங்கள்

விளம்பரம் முழுக்கச் சறுக்கு விளையாட்டும் நீச்சல் குளமுமாக இருக்கும். நீங்கள் முதலில் பார்க்கவேண்டியது கப்பல் எந்தத் துறைமுகங்களில் நிற்கிறது என்பதை. மேற்குக் கரீபியன் என்றால் மெக்ஸிகோவின் கோசுமெல், கிராண்ட் கேமன், ஜமைக்கா, ஹோண்டுராஸின் ரோவட்டான். கிழக்கு என்றால் செயின்ட் தாமஸ், செயின்ட் மார்ட்டின், சான் ஹுவான். தெற்கு என்றால் பார்படோஸ், செயின்ட் லூசியா, அருபா, குரசாவ். நீருக்கடியில் பவளப்பாறை பார்க்கவேண்டும், மாயா இடிபாடுகளையும் ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்றால் மேற்கு. தீவுக்குத் தீவு மொழியும் சாப்பாடும் மாறவேண்டும் என்றால் தெற்கு.

தெற்கு வழியில் சில கப்பல்கள் மார்ட்டினிக்கிலும் குவாதலூப்பிலும் நிற்கும். 1853, 1854-இல் தொடங்கி, பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்ட வேலைக்காக ஆட்களைக் கப்பல் ஏற்றிக் கொண்டுபோன பிரெஞ்சுத் தீவுகள் இவை. அங்கே மாரியம்மனை இன்னும் கும்பிடுகிறார்கள். 'கொலம்போ' என்ற பெயரில் மசாலாக் குழம்பு வைக்கிறார்கள். அடுத்த முறை எனக்கு அந்த வழிதான் வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

பஹாமாஸுக்குப் போகும் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் பஹாமாஸ் இருப்பது அட்லாண்டிக்கில். கரீபியன் கடலைப் பார்க்கவில்லையே என்று பிறகு வருத்தப்படாதீர்கள்.

காலம்: ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை அதன் உச்சம். விலை குறைவதும் அப்போதுதான். புயல் வந்தால் கப்பல் சுற்றிக்கொண்டு போய்விடும், ஆபத்து குறைவு. ஆனால் நீங்கள் ஆசைப்பட்ட தீவு பட்டியலிலிருந்து காணாமல் போகலாம். அப்படி மாற்ற ஒப்பந்தத்திலேயே இடம் வைத்திருக்கிறார்கள், சண்டை போட்டுப் பயனில்லை.

படி 2: பாஸ்போர்ட், விசா

அமெரிக்காவில் ஏறி அமெரிக்காவிலேயே இறங்கினாலும் நடுவில் நாட்டை விட்டு வெளியே போகிறீர்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களுடைய அமெரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதா என்று பாருங்கள். எச்1பி வேலை விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகவில்லையே என்று பார்க்கவேண்டும். காலாவதியான முத்திரையோடு கனடாவுக்கோ மெக்ஸிகோவுக்கோ போய்வர ஒரு சலுகை உண்டு. கரீபியன் தீவுகளுக்குப் போன எச்1பி ஆட்களுக்கு அது செல்லாது. எல்லோரும் போகிறார்களே என்று கிளம்பினால் திரும்பி வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு எந்தத் தீவு விசா கேட்கும் என்பதையும் பணம் கட்டும் முன்பே கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 3: விலையைப் பிரித்துப் பாருங்கள்

இணையத்தில் காட்டும் விலை ஒரு ஆளுக்கு, அதுவும் ஒரு கேபினில் இருவர் தங்கினால். தனியாகப் போனால் ஏறக்குறைய இரண்டு பேர் காசு. வரியும் துறைமுகக் கட்டணமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் டிப்ஸ். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமாராக 16 முதல் 20 டாலர் தானாகவே உங்கள் கணக்கில் ஏறும். 18 டாலர் என்று வைத்தால் ஏழு இரவுக்கு 126, கணவன் மனைவி இருவருக்கும் 252, இரண்டு பிள்ளைகளும் இருந்தால் 504. இதை டிக்கெட் விலையோடு சேர்த்து எழுதிக்கொண்டு பிறகு மற்ற விடுமுறைகளோடு ஒப்பிடுங்கள். வரவேற்பு மேசையில் கேட்டால் டிப்ஸை நீக்கித் தருவார்கள், சிலர் நீக்குகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அறையைச் சுத்தம் செய்கிறவர் வாரம் ஏழு நாளும் வேலை பார்க்கிறார், மாதக்கணக்கில் வீட்டுக்குப் போவதில்லை. கப்பல்காரன் மேல் உள்ள கோபத்தை அவர் தலையில் இறக்குவானேன்?

மது பேக்கேஜை முதல்முறை போகிறவர்கள் யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள். பல நிறுவனங்களில் ஒருவர் வாங்கினால் அதே கேபினில் உள்ள இன்னொரு பெரியவரும் வாங்கியே ஆகவேண்டும். வீட்டில் ஒருவர் குடிக்காதவர் என்றால் கணக்கே போடவேண்டாம், விட்டுவிடுங்கள். தண்ணீர், சாதாரணக் காபி, டீ பொதுவாக இலவசம்.

கேபினுக்கு ஒரே ஒரு குறிப்பு: வாந்தி வரும் உடம்பு என்றால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ் டெக்கில் எடுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. சன்னல் இல்லாத உள்கேபின் மலிவு, இருட்டு, நல்ல தூக்கம் வரும். பால்கனி வேண்டுமா என்பது உங்களுக்கும் உங்கள் பர்ஸுக்கும் இடையில் உள்ள விஷயம்.

மருத்துவச் செலவுக்கும் அவசரமாகக் கரைக்கு ஏற்றிச் செல்வதற்கும் பணம் தரும் பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். அமெரிக்கக் காப்பீடுகள் பல நடுக்கடலில் உதவாது.

படி 4: மூட்டை கட்டுதல்

நம்மவர்கள் மாட்டுவது இங்கேதான். ரைஸ் குக்கர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி எதுவும் கூடாது. தீ ஆபத்து என்று ஸ்கேனரிலேயே எடுத்து வைத்துக்கொண்டு கடைசி நாள்தான் திருப்பித் தருவார்கள். வீட்டில் செய்த புளியோதரையும் போகாது. கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத ஊறுகாய், முறுக்கு பாக்கெட் பொதுவாகப் பிரச்சினையில்லை. ஆனால் அவற்றோடு தீவில் இறங்காதீர்கள்.

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்தில் ஒப்படைத்துவிடுவீர்கள், அவை கேபினுக்கு வந்து சேர மாலை ஆகலாம். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத் துணி, நீச்சல் உடை இவை கைப்பையில் இருக்கட்டும்.

படி 5: ஏறும் நாள்

முந்தைய நாளே துறைமுக ஊருக்குப் போய்விடுங்கள். அன்று காலை விமானம் தாமதமானால் கப்பல் உங்களுக்காக நிற்காது.

ஏறியவுடன் எல்லோரும் பஃபேக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் அவசரகாலப் பயிற்சியை முடியுங்கள். வீடியோவைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒதுக்கிய கூடுமிடத்துக்கு நேரில் போய் அட்டையைக் காட்டவேண்டும், இப்போது பல கப்பல்களில் முறை இதுதான். ஏழு சிறிய சங்கொலி, ஒரு நீண்ட சங்கொலி, அதுதான் அடையாளம். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜீலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகள் பலருக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. இதில் மட்டும் என் சந்தேகப் புத்தி அலுப்புத் தட்டாமல் கூடுமிடத்துக்குப் போகும் படிக்கட்டைக்கூட எண்ணிப் பார்த்தது.

கரை மறையும் முன்னே செல்பேசியை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். கப்பலின் செல் வலையமைப்பு தானாகத் தொற்றிக்கொள்ளும், அதன் பில்லைத் தாங்க முடியாது.

ஏறும் முன் கப்பலின் பின்பக்கத்தைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். எங்கள் கப்பலில் 'நாசாவ்' என்று பஹாமாஸ் தலைநகரின் பெயரைப் பெரிதாக எழுதியிருந்தது. மியாமியிலேயே கிடக்கும் கப்பலுக்குப் பதிவு பஹாமாஸில். 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இப்படி வெளிநாட்டில் பதிவான கப்பல், அமெரிக்காவிலேயே ஏற்றி அமெரிக்காவிலேயே இறக்குவதென்றால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாகவேண்டும். ஃப்ளோரிடாவிலிருந்து போகும் குட்டிப் பயணங்கள் பஹாமாஸில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 6: சாப்பாடு

பஃபே முதல் நாள் கல்யாணப் பந்தி போலத்தான், இடத்துக்கு நெரிசல். இரவில் பெரிய உணவுக்கூடத்துக்குப் போங்கள், அதுவும் டிக்கெட்டிலேயே சேர்ந்தது. சைவம் என்றால் முதல் இரவே பரிமாறுகிறவர்களின் தலைவரிடம் சொல்லுங்கள். கப்பல் சமையலறைகளில் இந்தியர்கள் நிறைய. நாங்கள் சொன்ன மறுநாள் பருப்பும் காரமான உருளைக்கிழங்கும் சோறும் பட்டியலில் இல்லாமலே மேசைக்கு வந்தன. கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் வேகவைத்த பிராக்கோலிதான்.

சாப்பிடும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாசலில் வைத்திருக்கும் சானிடைசர், கப்பல்களில் வயிற்றைக் கலக்கும் நோரோவைரஸை அவ்வளவாகக் கொல்லாது. கப்பல் எவ்வளவு சுத்தம் என்று முன்பே பார்க்க ஆசையா? அமெரிக்கச் சுகாதாரத் துறையின் சிடிசி கப்பல்களைச் சோதித்து 100-க்கு மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது. 85-ம் அதற்குக் கீழும் தேறாதவை.

படி 7: தீவில் இறங்கும் நாட்கள்

முதலில் நேரம். கப்பல் நேரமும் தீவின் நேரமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. கோசுமெல்லில் கோடைக்கால நேர மாற்றம் கிடையாது. ஆகவே கோடையில் மியாமி நேரத்தை விட அங்கே ஒரு மணி நேரம் பின்னால். செல்பேசி தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும், நீங்கள் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், கப்பல் கிளம்பியிருக்கும். கையில் ஒரு கடிகாரம் கட்டி அதைக் கப்பல் நேரத்திலேயே வைத்திருங்கள். 'எல்லோரும் ஏறவேண்டிய நேரம்' என்று போட்டிருப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள்.

அடுத்தது, கப்பலே விற்கும் சுற்றுலா நல்லதா, நாமே போவதா? கப்பல் சுற்றுலா விலை அதிகம். ஆனால் அந்த வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களே போய்த் தாமதமானால் அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் விமானம். என் விதி இதுதான்: துறைமுகத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளி இருந்தால் கப்பல் சுற்றுலா, அதற்குள் என்றால் நம் கால், இல்லையென்றால் டாக்ஸி.

கோசுமெல் நாமே போகத் தோதான இடம். கப்பலிலிருந்து இறங்கியதும் வைரக் கடை, வாட்ச் கடை, டெக்கிலா கடை என்று ஒரு சந்து. கப்பலில் முந்தின நாள் 'ஷாப்பிங் ஆலோசனை' என்று கூட்டம் போட்டுப் பரிந்துரைத்த கடைகள் இவைதான். அந்தப் பரிந்துரைக்குக் கடைகள் காசு கொடுக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு கடந்து போங்கள். டாக்ஸி நிற்கும் இடத்தில் ஊர் ஊராகக் கட்டணம் எழுதிய பலகை இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு, போகவர எவ்வளவு, எத்தனை பேருக்கு என்று பேசிவிட்டு ஏறுங்கள்.

நாங்கள் போனது தீவின் நடுவில் இருக்கும் சான் கெர்வாசியோ. மாயா மக்களின் இஷ்செல் தேவதைக்கான தலம். அந்தக் காலத்தில் பெருநிலத்திலிருந்து பெண்கள் பிள்ளை வரம் கேட்டுத் தோணியில் கடல் கடந்து இங்கே வந்திருக்கிறார்கள். கட்டடங்கள் பெரிதில்லை, இடுப்பளவுச் சுவர்களும் சின்னச் சின்ன வாசல்களும்தான். வெள்ளைக் கல் பாவிய பழைய பாதை காட்டுக்குள் போகிறது. கல்லின் மேல் பச்சோந்தி மாதிரி ஒரு இகுவானா, நாம் பக்கத்தில் போனாலும் நகராமல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கொசு பிய்த்து எடுத்துவிடும், மருந்து தடவிக்கொண்டு போங்கள். கப்பலில் வந்த அத்தனை பேரில் அந்தக் காட்டுக்குள் நாங்கள் பார்த்தது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களை. க்ரூஸைப் பற்றி என் கோபம் கொஞ்சம் தணிந்தது அங்கேதான்.

கிராண்ட் கேமனில் பெரிய கப்பல் கரையோடு நிற்க மேடை இல்லை. கட்டலாமா என்று 2025-இல் பொது வாக்கெடுப்பு நடத்தினார்கள், மக்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆகவே கடலில் நங்கூரம் போட்டு, சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுபோகிறார்கள். அலை அதிகமானால் அந்த நாளே ரத்து. படகுக்கான டோக்கனைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள். அங்கே பேர் பெற்றது ஸ்டிங்ரே சிட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் திருக்கை மீன்கள் காலை உரசிக்கொண்டு போகும் மணல்திட்டு. மீனவர்கள் அங்கே மீன் ஆய்ந்து கழிவைக் கொட்டிய காலத்தில் பழகிய மீன்கள் என்கிறார்கள். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடங்கள், மிதிபடாத திருக்கை கொட்டாது.

ஒரு தீவில் இறங்காமலே இருந்தாலும் தப்பில்லை. எல்லோரும் இறங்கிப் போன கப்பல் காலியாக இருக்கும், நீச்சல் குளத்தில் நீங்கள் மட்டும்தான்.

மாறாத அந்தப் பாதி அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கப்பல்கள் எரிக்கும் எண்ணெயும் கழிவும் கொஞ்சமில்லை. கடலில் எண்ணெய்க் கழிவைக் கொட்டி மறைத்ததற்காக 2016-இல் பிரின்சஸ் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4 கோடி டாலர் அபராதம் கட்டியது. பவளப்பாறைக்குத் தீங்கு செய்யாத சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டால் கணக்கு நேராகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது இதுவும் தெரிந்திருக்கட்டும்.

படி 8: கணக்கு முடித்து இறங்குதல்

கப்பலில் ரொக்கம் கிடையாது, எல்லாம் கேபின் அட்டையில். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கணக்கைத் திறந்து பாருங்கள். வாங்காத புகைப்படம், குடிக்காத சோடா எல்லாம் ஏறியிருக்கலாம். தவறு இருந்தால் பயணத்தின் நடுவிலேயே போய்ச் சொல்லுங்கள். கடைசி இரவில் வரவேற்பு மேசை முன்னால் நிற்கும் வரிசை ரேஷன் கடையையே மிஞ்சும்.

அன்று இரவு பெட்டிகளைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள், காலையில் கரையில் எடுத்துக்கொள்ளலாம். பெட்டியை நீங்களே இழுத்துப் போக முடியும் என்றால் வெளியே வைக்கவேண்டாம், அப்படிப் போகிறவர்களை முதலில் இறக்கிவிடுகிறார்கள். மறுநாள் போட்டுக்கொள்ளும் துணியையும் சேர்த்துப் பெட்டியில் கட்டி வெளியே வைத்துவிட்டு இரவு உடையோடு குடியுரிமைச் சோதனைக்குப் போகிறவர்களும் உண்டு, ஜாக்கிரதை. பஃபேயிலிருந்து எடுத்த ஆப்பிளைக் கப்பலிலேயே தின்றுவிடுங்கள், பழத்தோடு சுங்கத்தில் மாட்டினால் அபராதம். வீடு திரும்பும் விமானத்தை மதியம் 12 மணிக்குப் பிறகு போடுங்கள்.