முதல் ஓவியம் வாங்கப் போகிறீர்களா? பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொள்ளுங்கள்

வீட்டுச் சுவருக்கு அசல் கலைப்படைப்பு வேண்டும், ஆனால் பெரிய ஓவியங்களின் விலை கையைக் கடிக்கிறது என்றால் அச்சோவியத்தில் தொடங்குங்கள். மரச்செதுக்கு, லினோகட் (லினோலியம் தகட்டில் செதுக்குவது), எட்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்தெடுப்பது) போன்றவற்றில் கலைஞர் பலகையிலோ தகட்டிலோ உருவாக்கிய படத்தைக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் அச்செடுப்பார்கள். ஒவ்வொரு பிரதியும் அசல்தான்.

படத்துக்குக் கீழே பென்சிலில் 12/50 என்று எழுதியிருக்கும். மொத்தம் 50 பிரதிகள், இது 12-வது. கையெழுத்தும் இருக்கும். ஆனால் எண்ணை மட்டும் நம்பிவிடாதீர்கள். பூதக்கண்ணாடியில் பாருங்கள்: வரிசை வரிசையாக வண்ணப் புள்ளிகள் தெரிந்தால், பெரும்பாலும் அது இயந்திரத்தில் அடித்த நகல். எட்சிங் என்றால் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய தடம் இருக்கும். தாளைச் சற்றுச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும்.

கலைக்கல்லூரி மாணவர் கண்காட்சிகளுக்குக் கட்டாயம் போங்கள். செய்தவரிடமே பேசி வாங்குவது தனி சந்தோஷம். பின்னால் விலை ஏறும் என்று யாராவது சொன்னால் அதற்காக வாங்க வேண்டாம். தினமும் பார்க்கப்போவது நீங்கள்தான். பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

அப்புறம் ஃபிரேம். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஃபிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையை அமிலமில்லாததாகக் கேட்டுப் போடச் சொல்லுங்கள். சாதாரண அட்டை நாளடைவில் தாளைப் பழுப்பாக்கிவிடும். கண்ணாடி தாளில் ஒட்டக் கூடாது. நேர் வெயில் விழும் சுவர் வேண்டவே வேண்டாம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் இருந்தால் நின்று பார்க்க வசதியாக இருக்கும்.