நீச்சல் உடுப்பும் “வளருற பிள்ளை” கணக்கும்

“வளருற பிள்ளைதானே, ஒரு சைஸ் கூட எடுங்க.” மட்டக்களப்பில் புடவைக்கடை வாசலை மிதித்த தாய்மார் எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். கவுனுக்கும் பாவாடை சட்டைக்கும் அது நல்ல புத்திதான். கரையை மடித்துத் தைத்தால், சித்திரை வருடப்பிறப்புக்கு எடுத்ததைத் தீபாவளிக்கும் போடலாம். நீச்சல் உடுப்புக்கு அதே கணக்கைப் போட்டால் காசும் வீண், பிள்ளைக்கும் ஆபத்து.

நானும் அப்படித்தான் வாங்கினேன். மகளுக்கு 5 வயது, நான் எடுத்தது 7 வயதுப் பிள்ளையின் அளவு. பாசிக்குடாவில் தண்ணீருக்குள் இருந்து எழும்பினாள். பின்பக்கம் தண்ணீரும் மணலும் நிறைந்து பை மாதிரித் தொங்கியது. தோள்பட்டி முழங்கை வரை இறங்கிவிட்டது. ஒரு கையால் உடுப்பைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என்னைத் தேடினாள். அலை அடிக்காத, ஆழமில்லாத கடல் என்பதால் பயப்படாமல் தூக்கினேன். அலை அடிக்கிற கல்லடிக் கடலில் என்றால் நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

பட்டிக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு விரல் போகவேண்டும், கை போகக்கூடாது. வயதை நம்பாதீர்கள், உயரத்தை அளந்துகொண்டு போங்கள். லேபலில் 104, 110, 116 என்று இருந்தால் அது பிள்ளையின் உயரம், சென்ரிமீற்றரில். ஏற்றுமதியில் மிஞ்சி வந்த உடுப்புகளில் லேபலை வெட்டியிருப்பார்கள். அவற்றைப் பிள்ளையின் முதுகில் வைத்துப் பார்க்காமல் எடுக்கவேண்டாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது நிறத்தில் விடுகிற பிழை. நீலமும் வெளிர்பச்சையும் கடையில் அழகாக இருக்கும். கடலுக்குள் இறங்கினால் அந்த நிறமும் தண்ணீரும் ஒன்றாகிவிடும், பிள்ளையைக் கண் தேடவேண்டி வரும். பளிச்சென்ற செம்மஞ்சள், கடும் ரோஸ் நிறங்கள் தூரத்திலும் தெரியும். வெள்ளை நனைந்தால் உடம்பு தெரியும், அலை நுரையில் பிள்ளையும் தெரியாது.

காசை மிச்சம்பிடிக்கப் பழைய பருத்தி ரீசேட்டோடு இறக்குவதும் சரியில்லை. பருத்தி நனைந்தால் பாரம் கூடும், வெயிலையும் கூடுதலாக உள்ளே விடும். யு.பி.எஃப் 50 என்று போட்ட துணி வெயிலின் புற ஊதாக்கதிரில் 50இல் 1 பங்கைத்தான் விடும். அதன் விலை கட்டாவிட்டால், பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிக்கு எடுத்த பொலியெஸ்டர் ஜேர்சி உடம்போடு ஒட்டி இருந்தால் அதுவே போதும். நீல இல்லத்துப் பிள்ளைக்கு மட்டும் வேறு நிறம் தேடுங்கள்.

கழுத்தில் முடிச்சுப் போடுகிற கயிறு, தொப்பிக் கயிறு உள்ளவை வேண்டவே வேண்டாம். ஐரோப்பியத் தர விதிகள் 7 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடுப்பில் அவற்றை அனுமதிப்பதில்லை. எங்காவது கொழுவினால் கழுத்தை இறுக்கிவிடும்.

வாங்க முன் துணியை இரண்டு கையாலும் இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். பின்னால் உள்ள விரல் தெளிவாகத் தெரிந்தால் வைத்துவிடுங்கள். விட்டதும் பழையபடி சுருங்கவேண்டும், இழுத்தபடியே நின்றால் அந்த லைக்ரா (இழுபடுகிற துணி) நாலு குளிப்புக்கும் வராது.

நல்லதை வாங்கியும் சீக்கிரம் கெடுப்பது நாங்கள்தான். உப்போடும் நீச்சல்தடாகக் குளோரினோடும் பைக்குள் சுருட்டி வைத்து, அடுத்த நாள் கச்சான் காற்றுக்கால வெயிலில் காயப்போடுகிறோம். கரையேறியதும் கிணற்றுத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் அமத்திப் பிழிந்து, நிழலில் விரித்துவிடுங்கள். என் மகளின் இரண்டாவது உடுப்பை இப்போது தங்கச்சியின் பிள்ளை போடுகிறாள், இலாஸ்டிக் இன்னும் தளரவில்லை.