‘முடியாது’ என்று எழுதும் முன்: இயலாமைச் சொற்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

நீச்சல் பழகாத ஒருவரைப் பற்றி ‘அவரால் நீந்த முடியாது’ என்று எழுதினால், கையிலோ காலிலோ ஏதோ கோளாறு போலிருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். ‘அவருக்கு நீந்தத் தெரியாது’ என்பதே சரி. ஆகவே சொல்லைத் தேடும் முன், ஏன் முடியவில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொண்டால் சரியாகிவிடும் என்றால் ‘தெரியாது’. முயன்றும் படியவில்லை என்றால் ‘வராது’: ‘எனக்குப் பாட்டு வராது’. உடல்வலுவோ நேரமோ சூழலோ இடம் தரவில்லை என்றால் ‘முடியாது’. கொஞ்சம் முறையான எழுத்தில் ‘இயலாது’. இலங்கைத் தமிழரின் பேச்சில் இதே இடத்தில் ‘ஏலாது’ வரும். மனம் இல்லை என்றால் ‘மாட்டேன்’.

அடுத்தது வேற்றுமை உருபு. பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நேர்கின்றன. முடியாது, இயலாது இரண்டுக்கும் ‘என்னால்’, தெரியாது, வராது இரண்டுக்கும் ‘எனக்கு’, மாட்டேனுக்கு ‘நான்’. ‘நான் வர முடியாது’ என்பது பேச்சில் ஓடிவிடும், எழுத்தில் உறுத்தும். உருபை மாற்றினால் பொருளே மாறுவதும் உண்டு. ‘என்னால் முடியவில்லை’ என்றால் அந்த வேலை கைகூடவில்லை; ‘எனக்கு முடியவில்லை’ என்றால் உடம்பு சரியில்லை. ஆளையே விட்டுவிட்டு ‘இதைத் திருத்த முடியாது’ என்று எழுதினால், யாராலும் ஆகாது என்று பொருள்படும். உங்களால் மட்டும் முடியாது என்றால் ‘என்னால்’ கட்டாயம் வேண்டும்.

காலத்தையும் கவனியுங்கள். ‘கூட்டத்துக்கு வர முடியாது’ என்பது மறுப்பாகவே காதில் விழும், பெரியவர்களிடம் சொன்னால் இன்னும் கடுமையாக. ‘வர முடியவில்லை’ என்பதில் வர நினைத்தது தெரிகிறது. ‘வர முடியாமல் போயிற்று’ என்றால் காரணம் சூழ்நிலையின் பக்கம் போய்விடும். மன்னிப்புக் கடிதத்துக்கு இதுவே பொருத்தம்.

‘மாட்டு’ என்ற வினையைத் தனியாகப் பார்க்கவேண்டும். பழந்தமிழில் அதற்கு ‘வல்லமை பெறு’ என்றே பொருள். ‘மாட்டாமை’ என்றால் இயலாமை. இன்று ‘செய்யமாட்டேன்’ என்பது விருப்பமின்மையாகிவிட்டது. ஆனால் ‘வலி தாங்கமாட்டாமல் அழுதாள்’, ‘பொறுக்கமாட்டாமல் கேட்டான்’ போன்ற இடங்களில் பழைய பொருள் அப்படியே உயிரோடு இருக்கிறது. அங்கே ‘விரும்பாமல்’ என்று புரிந்துகொண்டால் வாக்கியமே கெட்டுவிடும். பேச்சில் பூட்டைக்கூட ‘திறக்கமாட்டேங்குது’ என்கிறோம். ‘மாட்டேன் என்கிறது’ என்பதன் சுருக்கம் அது. எத்தனை முறை முயன்றும் பலிக்கவில்லை என்ற எரிச்சலை இவ்வளவு அழகாகச் சொல்ல வேறு சொல் இல்லை. உரையாடலில் தாராளமாக எழுதுங்கள். அறிக்கையில் ‘திறக்கவில்லை’ போதும்.

பெயர்ச்சொற்களில் ‘இயலாமை’ பொதுவானது, யாரையும் புண்படுத்தாது. ‘ஆற்றாமை’ அதற்கு மாற்று அல்ல: தாங்கமுடியாத மனவேதனை அது. பிரிவில் வாடும் தலைவியின் ஆற்றாமை என்று அகப்பாடல்களுக்கு உரை சொல்வது இந்தப் பொருளில்தான். ‘திறமையின்மை’ குறைகூறல், ‘தகுதியின்மை’ விதியோ நிபந்தனையோ தடுப்பது. ‘கையாலாகாத’, ‘துப்பில்லாத’, ‘வக்கற்ற’ மூன்றும் வசை. விமர்சனம் எழுதும்போது கோபத்தில் இவை கைக்கு வந்துவிடும், அனுப்பும் முன் நீக்கிவிடுங்கள்.

மனிதரைக் குறிக்கையில் ‘ஊனமுற்றவர்’ வேண்டாம். ‘மாற்றுத்திறனாளி’, ‘பார்வையற்றவர்’ என்று எழுதுங்கள். ‘செவிட்டு அரசு’, ‘குருட்டுச் சட்டம்’ போன்ற உருவகங்களையும் தவிர்க்கவேண்டும். ஒருவரின் உடல்நிலையை மற்றவரின் அலட்சியத்துக்குப் பெயராக்குவது நியாயமில்லை.

கடைசியாக ஒற்று: ‘பாடத் தெரியாது’, ‘பாடக் கூடாது’ இரண்டிலும் வல்லினம் மிகும். ‘பாட முடியாது’, ‘பாட வராது’, ‘பாட இயலாது’ மூன்றிலும் மிகாது.