வைரஸ் ஒட்டினாலே உள்ளே போய்விடுமா? ஏற்பிகளைப் பற்றிச் சில தவறுகள்

வைரஸ் சாவி, செல்லின் மேலிருக்கும் ஏற்பி (வைரஸ் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு) பூட்டு, பொருந்தினால் கதவு திறந்துவிடும். எங்கே பார்த்தாலும் இந்த ஒரே உவமைதான். முதல் நாள் பாடத்துக்கு இது போதும், அதற்குமேல் இதையே பிடித்துக்கொண்டால் வம்புதான்.

பெரிய தவறு, ஒட்டுவதையும் நுழைவதையும் ஒன்றாக நினைப்பது. எச்.ஐ.வி.யை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஏற்பி, நோய் எதிர்ப்புச் செல்களின் மேலிருக்கும் சிடி4 என்ற புரதம் என்று 1984-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் மனித சிடி4-ஐ எலியின் செல்களில் வைத்துப் பார்த்தபோது வைரஸ் வந்து ஒட்டியதோடு சரி, உள்ளே போகவில்லை. கூடவே சிஎக்ஸ்சிஆர்4 அல்லது சிசிஆர்5 என்ற துணை ஏற்பியும் வேண்டும் என்பது 1996-ல்தான் புரிந்தது. வைரஸின் ஜிபி120 புரதம் சிடி4-ஐப் பிடித்ததும் வடிவம் மாறி, துணை ஏற்பியைப் பிடிக்கிற இடத்தை வெளிக்காட்டும். அதையும் பிடித்த பிறகுதான் வைரஸின் இன்னொரு புரதமான ஜிபி41 நீண்டு செல்லின் சவ்வில் குத்தி, வைரஸின் சவ்வையும் செல்லின் சவ்வையும் இழுத்து ஒன்றாக்கும். சரி, எலிச் செல்லுக்கு இரண்டையும் கொடுத்தால்? நுழைகிறது, ஆனால் உருப்படியாகப் பெருகுவதில்லை, ஏனென்றால் உள்ளே அதற்குத் தேவையான மனிதப் புரதங்கள் கிடையாது. நுழைந்தாலே தொற்று என்பதும் அப்போது தவறுதானே.

ஏற்பி வைரஸுக்காகவே இருக்கிறது என்பதுபோல் பேசுவது அடுத்தது. ஏசிஇ2 இரத்த அழுத்தத்தைச் சீராக்க உதவும் நொதி, கொரோனா அதைத் தன் வசதிக்குப் பயன்படுத்திக்கொண்டது, அவ்வளவுதான். இது புரியாமல் 2020-ல், சில இரத்த அழுத்த மாத்திரைகள் ஏசிஇ2-ஐ அதிகமாக்கிவிடுமோ, அவற்றையே நிறுத்தலாமா என்று பயந்தவர்கள் உண்டு. நிறுத்தியதால் பலனில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. இன்னொன்று, என்எல்63 என்ற கொரோனா வைரஸும் இதே ஏசிஇ2 வழியாகத்தான் நுழைகிறது, பெரும்பாலும் அது தருவது சாதாரண ஜலதோஷம். ஏற்பியை மட்டும் வைத்து நோயின் வீரியத்தைக் கணிக்காதீர்கள்.

ஏற்பி என்றாலே செல்லின் வெளிப்புறத்தில் இருக்கும் புரதம் என்று எழுதுகிறவர்களும் நிறைய. இன்ஃப்ளூயன்ஸா பிடிப்பது சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையை. எபோலாவுக்கு முக்கியமான ஏற்பியான என்பிசி1 என்ற புரதம், செல்லின் உள்ளே இருக்கும் பைகளின் சவ்வில் இருக்கிறது. செல் வைரஸை விழுங்கிய பிறகுதான் அதனோடு சந்திப்பே.

அப்புறம், சிசிஆர்5 மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் 32 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டவர்களுக்கு எச்.ஐ.வி. வரவே வராது என்ற பேச்சு. பாதுகாப்பு பலமானதுதான், ஆனால் முழுமையானதல்ல. சிஎக்ஸ்சிஆர்4-ஐப் பயன்படுத்தும் வகைகளை அது தடுக்காது. சிசிஆர்5-ஐ அடைக்கும் மராவிராக் மருந்தைக் கொடுப்பதற்கு முன்னால், நோயாளியின் வைரஸ் எந்தத் துணை ஏற்பியைப் பயன்படுத்துகிறது என்று சோதித்துப் பார்ப்பதும் இதனால்தான்.