திறன் 25% கூடினால் நேரம் 25% குறையாது

ராமு ஒரு வேலையை 30 நாளில் முடிப்பார். சோமுவின் திறன் ராமுவைவிட 25% அதிகம். சோமுவுக்கு எத்தனை நாள் ஆகும்?

இந்தக் கணக்கைப் பார்த்ததும் 30-ல் 25% எடுத்து, அந்த 7.5-ஐக் கழித்து, 22.5 நாள் என்று எழுதுபவர்கள் நிறைய. விடை 24. கூடியது திறன், ஆனால் சதவீதத்தைப் போட்டது நாளின் மீது. வேலை அதேதான் என்றால் திறனும் நேரமும் எதிர் மாறலில் இருக்கும்; அதாவது ஒன்று எத்தனை மடங்கு ஆகிறதோ, மற்றது அத்தனையால் வகுபடும். எனவே கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும்: 30 ÷ 1.25 = 24.

சந்தேகம் இருந்தால் மொத்த வேலையை 120 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். ராமு நாளுக்கு 4 அலகு செய்கிறார். அதைவிட 25% அதிகம் என்றால் சோமு 5 அலகு; 120 ÷ 5 = 24. இருவரும் சேர்ந்தால் நாளுக்கு 9 அலகு, 13⅓ நாளில் வேலை முடியும். 22.5 நாளில் முடிக்க வேண்டுமானால் சோமுவின் திறன் 33⅓% அதிகமாக இருந்திருக்க வேண்டும். கழிக்கும் முறை எவ்வளவு அபத்தம் என்பது திறன் 100% கூடும்போது தெரியும்: அதன்படி வேலை 0 நாளில் முடிந்துவிடும்!

இதே கணக்கைத் திருப்பிக் கேட்டால் அடுத்த சறுக்கல். ராமுவின் திறன் சோமுவைவிட எவ்வளவு குறைவு? 25% அல்ல, 20%. வித்தியாசம் அதே 1 அலகுதான். வகுக்கும் எண் இப்போது 4 அல்ல, 5. யாரோடு ஒப்பிடுகிறோமோ அவருடைய அளவுதான் கீழே வர வேண்டும். ‘விட’ என்ற சொல்லுக்கு முன்னால் நிற்பவர் யார் என்று பார்த்தாலே போதும்.

அடுத்தடுத்த உயர்வுகளைக் கூட்டவும் கூடாது. முதலில் 10%, பிறகு 20% என்றால் 1.1 × 1.2 = 1.32, அதாவது 32%. இயந்திரப் பயன்பாடு 60%-லிருந்து 75% ஆனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 15, சதவீதப் புள்ளி உயர்வு. அந்த 15-ஐப் பழைய 60-ஆல் வகுத்துச் சதவீதத்தில் சொன்னால் 25%. அறிக்கையில் எதைச் சொல்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

பணியிடத்தில் அதிகம் ஏமாற்றுவது ஓவர்டைம் கணக்கு. நாளுக்கு 8 மணி நேரத்தில் 400 பொருள் செய்த குழு, இப்போது 10 மணி நேரத்தில் 480 செய்கிறது. உற்பத்தி 20% உயர்ந்தது உண்மை. வேலைத்திறனும் அப்படியே உயர்ந்ததாக எழுதினால் தவறு. மணிக்கு 50 செய்தவர்கள் இப்போது 48 செய்கிறார்கள். திறன் 4% இறங்கியிருக்கிறது. ஆள் எண்ணிக்கை மாறியிருந்தால் மணி நேரத்தை ஆட்களாலும் பெருக்கிவிட்டுத்தான் வகுக்க வேண்டும்.

பல பிரிவுகளின் சதவீதங்களைச் சராசரி எடுப்பதும் இதே வகைதான். ஒரு பிரிவு 100-லிருந்து 150, இன்னொன்று 1000-லிருந்து 1100. 50%, 10% இரண்டுக்கும் சராசரி 30% என்று வரும். மொத்தத்தில் 1100 என்பது 1250 ஆகியிருக்கிறது. உயர்வு சுமார் 13.6% மட்டுமே.