முதல் பறவைப் படக் கண்காட்சிக்குத் தயாராவது எப்படி

ஏரி ஏரியாக அலைந்து எடுத்த படங்கள் ஹார்டு டிஸ்க் நிறைய இருக்கின்றன, அக்டோபர் 2 முதல் 8 வரை வரும் வனவிலங்கு வாரத்துக்கு ஒரு கல்லூரியோ நூலகமோ அறை தருகிறேன் என்றும் சொல்லிவிட்டது, இனி என்ன செய்வது? இதே கேள்வியோடு நாலைந்து நண்பர்கள் வந்துவிட்டார்கள், அதனால் எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அக்டோபரில் கண்காட்சி என்றால் ஜூலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். நம் ஏரிகள் பறவைகளால் நிறைவது அதற்கப்புறம்தான், ஆகவே சுவருக்குப் போகப்போகிற படங்கள் ஏற்கெனவே உங்களிடம் இருப்பவைதான். இன்னும் ஒரு நல்ல படம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் பிரின்டுக்கு நேரம் இல்லாமல் போய்விடும்.

ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் எளிது: மாட்டப்போவது காகிதம். திரை தானே ஒளிர்கிறது, காகிதமோ அறையில் இருக்கும் வெளிச்சத்தை வாங்கித்தான் காட்டும். அதனால் எந்தப் படம், எவ்வளவு பெரிசு, எவ்வளவு வெளிச்சம் என்ற எல்லா முடிவையும் காகிதத்தைப் பார்த்தே எடுங்கள்.

என் முதல் கண்காட்சியில் எனக்கு இது தெரியவில்லை. வேடந்தாங்கலில் எடுத்த ஒரு கருவெள்ளை மீன்கொத்தி, தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று கீழே குனிந்து பார்க்கிற படம், மொபைலில் பார்த்த எல்லோரும் பாராட்டிய படம். 18க்கு 12 அங்குலத்தில் பிரின்ட் கைக்கு வந்தபோதுதான் ஃபோகஸ் முன்சிறகின் நுனியில் விழுந்திருந்ததும் கண் லேசாக மங்கியிருந்ததும் தெரிந்தது. நாலடி தூரத்தில் நிற்பவர் முதலில் பார்ப்பது பறவையின் கண்ணைத்தான். திறப்புக்கு முந்தின நாள் அதைக் கழற்றிவிட்டோம், வரிசை நடுவே ஒரு ஆணி மட்டும் நின்றது, ஐந்து நாளும் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

தேர்வு

முதலில் கம்ப்யூட்டரில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். கூட்டமாகப் பறக்கிற படம், அந்திவானத்தில் நிழலுருவாகத் தெரிகிற படம் இவற்றுக்கு இந்தச் சோதனை வேண்டாம், மற்றபடி கண் கூர்மையாக இல்லாததைத் தயங்காமல் ஒதுக்குங்கள். மிஞ்சுவதில் ஐம்பது அறுபதைப் பக்கத்து ஃபோட்டோ லேபில் 4க்கு 6 அங்குலப் பிரின்டாகப் போட்டு வந்து, வீட்டில் அடிக்கடி நடக்கும் வழியில் ஒரு சுவரில் ஒட்டிவையுங்கள். ஒரு வாரம் இருக்கட்டும். முதல் நாள் கண்ணைப் பறித்த சில படங்கள் நாலாம் நாள் சாதாரணமாகிவிடும், முதலில் கவனிக்காத ஒன்று மெல்ல மெல்ல இழுக்க ஆரம்பிக்கும். திரையில் இது நடக்காது, ஏனென்றால் திரையில் யாரும் ஒரு படத்தை ஒரு வாரம் பார்ப்பதில்லை.

கோடியக்கரையில் முழங்கால் சேற்றில் மூன்று நாள் காத்திருந்து எடுத்த பூநாரைக் கூட்டம் உங்களுக்கு உயிராக இருக்கும். வருகிறவருக்கு அந்தச் சேறு தெரியாது, படத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும். அதனால் பறவை நோக்கும் பழக்கமே இல்லாத ஒருவரை, தங்கையோ பக்கத்து வீட்டு அண்ணனோ, கூப்பிட்டு இதில் இருபதை எடுங்கள் என்று சொல்லிவிட்டு நீங்கள் வாயைத் திறக்காமல் நில்லுங்கள். அவர்கள் தள்ளிவைப்பதில் நிறைய உண்மை இருக்கும்.

முதல் கண்காட்சிக்கு 12 படம் போதும், அதிகபட்சம் 15. 24க்கு 16 அங்குலப் பிரின்டைச் சட்டம் போட்டால் வெளியளவு ஏறக்குறைய இரண்டரை அடி அகலம் வரும், நடுவே பத்து அங்குல இடைவெளி விட்டால் 12 படத்துக்கே நாற்பதடிச் சுவர் வேண்டும். அறையைப் போய் டேப் பிடித்து அளந்த பிறகு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். பன்னிரண்டும் கிளையில் உட்கார்ந்த பறவையின் முகமாக இருந்தால் மூன்றாவது படத்தோடு பார்ப்பவர் நடையை வேகமாக்கிவிடுவார். பள்ளிக்கரணையில் தூரத்துக் கட்டடங்களுக்கு முன்னால் நிற்கிற நாமக்கோழிக் கூட்டம், அகன்ற ஏரியில் ஒற்றைப் புள்ளியாக ஒரு முக்குளிப்பான், வேடந்தாங்கலின் நீர்க்கடம்பு மரம் முழுக்க நத்தைகுத்தி நாரைகள், இப்படிப் பறவையின் வீடும் தெரிகிற படங்கள் மூன்று நாலாவது இருக்கட்டும்.

கூட்டில் குஞ்சுகளுக்கு நெருக்கமாகப் போய் எடுத்த படங்களை வைக்காதீர்கள். தாய்ப்பறவை பயந்து எழுந்தால் முட்டையும் குஞ்சும் வெயிலில் கிடக்கும், காக்கைக்கு வழி தெரிந்துவிடும், பத்து நிமிடம் போதும். உங்கள் படத்தைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் அப்படி எடுக்கக் கிளம்புவார்கள் என்பதையும் யோசியுங்கள். குரலை ஒலிக்கவிட்டு வரவழைத்த பறவை, இரை கட்டி வரவழைத்த பறவை இவற்றுக்கும் என் சுவரில் இடம் கிடையாது. குறுக்கே வந்த கிளையை அழிப்பது, வெறும் வானத்தில் நிலாவைச் சேர்ப்பது எதுவும் வேண்டாம். சர்வதேசப் புகைப்படப் போட்டிகளை நெறிப்படுத்தும் எஃப்ஐஏபி, பிஎஸ்ஏ அமைப்புகளின் இயற்கைப் பிரிவு விதியும் இதுதான்: ஓரத்தை வெட்டலாம், உள்ளே இருப்பதைச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது.

ஃபைலும் வெள்ளை இறகும்

24 மெகாபிக்சல் கேமரா தருவது 6000க்கு 4000 பிக்சல். அதை 24க்கு 16 அங்குலத்தில் போட்டால் அங்குலத்துக்கு 250 பிக்சல், தாராளம். ஆனால் பறவைப் படத்தை வெட்டாமல் விடுவது அபூர்வம். நீளத்திலும் அகலத்திலும் பாதியாக வெட்டினால் 3000க்கு 2000தான் மிஞ்சும், அதே அளவில் 125 ஆகிவிடும், கிட்டே வந்து பார்த்தால் இறகு குழைந்து தெரியும். என் கணக்கு, 180க்குக் கீழே போனால் பிரின்டைச் சிறிதாக்கு. சின்னதாக, கூர்மையாக இருக்கிற 12க்கு 8 அங்குலப் படத்தை அகலமான வெள்ளை ஓரத்தோடு மாட்டினால் அது தனி அழகு. அளவைச் சொல்லும்போது இன்னொன்று: 12க்கு 18, 16க்கு 24, 20க்கு 30 இவை கேமராவின் விகிதத்தோடு ஒத்துப்போகும், 16க்கு 20 கேட்டால் இருபுறமும் வெட்டுப்படும், கொக்கின் அலகு நுனியோ சிறகு நுனியோதான் முதலில் போகும்.

இப்போது வெள்ளைக்கு வருவோம், நம் நீர்ப்பறவைகளில் நிறைய வெள்ளை. இனப்பெருக்கக் காலத்தில் சின்னக் கொக்கின் முதுகில் நூல் நூலாக இறங்குமே, மூச்சுக் காற்றுக்கே அசைகிற அந்த இறகு, அதில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தால்தான் அது கொக்கு. முழு வெள்ளையாகிவிட்ட இடத்தில் பிரின்டர் மையே விடாது, வெறும் காகிதம்தான் இருக்கும், பறவையின் முதுகில் ஓட்டை விழுந்த மாதிரி தெரியும். ஆகவே 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை என்கிற கணக்கில் மிக வெளிச்சமான இறகும் 255ஐத் தொடாமல் 240, 245க்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நீர்க்காகம், கரிச்சான் போன்ற கறுப்புப் பறவைகளுக்கு மறுமுனையில் இதே சிக்கல், நிழலைக் கொஞ்சம் தூக்கிவிடாவிட்டால் மினுக்கமில்லாத மேட் காகிதத்தில் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். படத்தில் மணல் மணலாகத் தெரிகிற இரைச்சலைக் குறைக்கிற மென்பொருளை அளவோடு பயன்படுத்துங்கள். கேமராவின் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 1600க்கு ஏற்றினால் தெரிகிற மணல் திரையில்தான் பயமுறுத்தும், காகிதத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும், ஆனால் வழித்துத் துடைத்த இறகு பிளாஸ்டிக் போலவே பிரின்ட் ஆகும்.

பிரின்ட் இருட்டாக வந்துவிட்டது என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. பெரும்பாலும் காரணம், திருத்தும்போது திரையின் வெளிச்சம் முழுதாக ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். திரை வெளிச்சத்தை அளக்கும் கருவி இருந்தால் சதுர மீட்டருக்கு 100, 120 கேண்டெலாவுக்கு வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத் தாளை அறை வெளிச்சத்தில் திரையோரம் பிடித்துக்கொண்டு, திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். அப்புறம் ஒரு சோதனைத் தாள். படத்தில் முக்கியமான பகுதியை, கொக்கின் முதுகென்றே வைத்துக்கொள்வோம், உண்மையான அளவில் ஒரு பட்டையாக வெட்டி, இருப்பது போலவே ஒன்று, வெளிச்சத்தை மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) ஏற்றி ஒன்று, மூன்றில் இரண்டு ஸ்டாப் ஏற்றி ஒன்று என ஒரே தாளில் பக்கம் பக்கமாகப் போட்டு, அதைக் கண்காட்சி நடக்கும் அறைக்கே எடுத்துப்போய்ச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். லேபில் சரியாக இருந்தது அங்கே டியூப்லைட்டில் மங்கலாகத் தெரியும். இந்த ஒரு தாளுக்கு ஆகிற செலவு மொத்தத்தையும் காப்பாற்றும்.

சாதாரண லேபுக்கு எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் ஃபைல் கொடுங்கள், நுண்கலைப் பிரின்ட் போடுகிற இடமானால் அவர்களுடைய காகிதத்தில் நிறம் எப்படி விழும் என்று சொல்கிற ஐசிசி ப்ரொஃபைல் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். ஒரு லேபில் என் பனிமூட்டக் காலைப் படத்தை இயந்திரம் தானாகத் தெளிவாக்கி, பனியே இல்லாமல் கையில் கொடுத்துவிட்டது.

காகிதம், சட்டம்

பளபளப்பான கிளாஸி வேண்டாம், விளக்கும் பார்ப்பவர் சட்டையும்தான் அதில் தெரியும். தேன்சிட்டு, மீன்கொத்தி போல நிறம் மின்னுகிற பறவைகளுக்கு லேசாக மட்டும் மினுங்குகிற லஸ்டர், பனி, சதுப்பு, சாம்பல் வானம் இருக்கிற படங்களுக்கு மேட். படத்தை விற்கும் எண்ணமிருந்தால் பருத்திக் காகிதத்தில் நிறமி மை. ஃப்ளெக்ஸ் பக்கம் போகவே வேண்டாம்.

பணம் குறைவு என்றால் லஸ்டர் பிரின்டை 5 மில்லிமீட்டர் சன்போர்டில் (லேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை) ஒட்டிக் கண்ணாடி இல்லாமல் மாட்டுங்கள், முதல் கண்காட்சிக்கு அது போதும். கண்ணாடிச் சட்டம்தான் என்றால் சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடையிலேயே செய்யலாம், மூன்று விஷயம் மட்டும் சொல்லிவிடுங்கள். கண்ணாடி பிரின்டைத் தொடக்கூடாது, நம் கடலோர ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது, அதனால் நடுவே மவுன்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றி வருகிற தடித்த அட்டை, வேண்டும், அமிலமில்லாததாகக் கிடைத்தால் நல்லது. பிரின்டை மேல்விளிம்பில் மட்டும் டேப்பால் தொங்கவிட வேண்டும், நாலு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் காகிதம் விரிந்து அலை அலையாக எழும்பும். சட்டம் சுற்றிலும் கால் அங்குலம் மறைக்கும், அதற்கு வெள்ளை ஓரம் விட்டே பிரின்ட் போட்டிருக்க வேண்டும். கறுத்த பின்னணி உள்ள படத்துக்குச் சாதாரணக் கண்ணாடி போட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும், அதைக் கண்ணாடி இல்லாமலே விடுங்கள்.

மாட்டுவது

எல்லாப் படத்தின் நடுப்புள்ளியும் தரையிலிருந்து 58 அங்குலத்தில் ஒரே கோட்டில் வரட்டும். சட்டத்தின் உயரம் 22 அங்குலம், பின்னாலிருக்கும் கம்பி இழுபட்டு நிற்கும் இடம் மேல்விளிம்பிலிருந்து 3 அங்குலம் கீழே என்றால், 58உடன் 11ஐக் கூட்டி 3ஐக் கழியுங்கள், ஆணி 66 அங்குலத்தில். பள்ளிப் பிள்ளைகள் நிறைய வருவார்கள் என்றால் எல்லாவற்றையும் நாலைந்து அங்குலம் இறக்குங்கள். விளக்கைத் திருப்ப முடிகிற அறையானால் சுவரோடு 30 டிகிரி சாய்வில் மேலிருந்து விழ விடுங்கள், கண்ணில் அடிக்காது. வரிசையை முதலில் தரையில் சாத்திவைத்துப் பாருங்கள், பறவை பார்க்கிற திசை வரிசையின் உள்பக்கம் இருக்கட்டும், கடைசிப் படத்தில் வாசலைப் பார்த்துப் பறக்கிற நாரையை வைத்தால் பார்ப்பவரும் அதோடு போய்விடுவார்.

பெயர் அட்டை

தமிழ்ப் பெயர் பெரிதாக, கீழே ஆங்கிலப் பெயர், அறிவியல் பெயர், ஊர், மாதம். எழுத்து 18 புள்ளிக்குக் குறையாமல். கேமரா, லென்ஸ், ஷட்டர் விவரமெல்லாம் வேண்டாம், கேட்பவருக்கு நேரில் சொல்லலாம். அரிய பறவை, கூடு கட்டுகிற இடம் என்றால் மாவட்டத்தோடு நிறுத்துங்கள். ஒரே ஒரு வரி, நீங்கள் கண்ணால் பார்த்ததை, எழுதுங்கள்: இந்தச் சங்குவளை நாரை அலகைப் பாதி திறந்து தண்ணீரில் விட்டபடி இருபது நிமிடம் நடந்தது என்பது போல.

அட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் கட்டிய பேனாவும் வையுங்கள், இந்தப் பறவையை உங்கள் ஊரில் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்ற கேள்வியோடு. மடையான் என்று நான் எழுதியிருந்த படத்தின் முன்னால் ஒரு பாட்டி வெகுநேரம் நின்றார், பேரனைக் கூப்பிட்டுப் பெயரைப் படிக்கச் சொன்னார், அப்புறம் இது நம்ம வயலில் நிற்கிற குருட்டுக் கொக்கு என்று அவனிடம் சொல்லி, அதையே நோட்டில் எழுத வைத்தார். அடுத்த கண்காட்சியில் அந்த அட்டையில் இரண்டு பெயரையும் போட்டேன்.